தொடாமல் அறியும் வெப்பம்: உப்பளக் கரையில் ஒரு கருவித் தேர்வு

கடல்நீர் கதிரவன் காய உப்பாகும் நிகழ்ச்சியைப் போல எளிய இயற்பியல் வேறில்லை என்று தோன்றும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், மரக்காணத்தை நெருங்குகையில் விரிந்து கிடக்கும் பாத்திகளையும் அவற்றின் வரப்போரம் வெண்ணிறமாய்க் குவிந்த அம்பாரங்களையும் காணாமல் கடக்க இயலாது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கருதும் அறிஞர் உளர். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியும் இடமும் இதுவே. அக்கால்வாய் வழியே உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. உமணர் வண்டியோட்டிய நாள் தொட்டு லாரியில் மூட்டை ஏறும் இந்நாள் வரை தொழிலின் அடிப்படை மாறவில்லை. போமே அளவையில் 3 அல்லது 3.5 காட்டும் நீர், பாத்திக்குப் பாத்தி மாறிச் செறிந்து 25 என்னும் அளவை எட்டுகையில், உப்பு படிகமாய் இறங்கத் தொடங்குகிறது.

இத்தகைய இயற்கை ஆய்வகம் அருகிருக்க, இயற்பியல் மாணவர் அங்குச் சென்று முதலில் அளக்க விரும்புவது வெப்பநிலையையே. இடரும் அங்கேயே தொடங்குகிறது. கண்ணாடிக் குழலில் பாதரசம் அடைத்த வெப்பமானியை உப்பளத்துக்கு எடுத்துச் செல்லுதல் தகாது. உடைந்தால் பாதரசம் சிந்துமிடம், மக்கள் உண்ணும் பொருள் விளையும் பாத்தி. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை 2018ஆம் ஆண்டில் நம் நாடும் ஏற்புறுதி செய்துள்ளது; ஆதலின் ஆய்வகங்களிலிருந்தே அக்கருவி விடைபெறும் காலம் இது. எஃகு உறையிட்ட மின்னணு உணரிகளையோ உப்புநீர் விட்டுவைப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகு என்னும் பெயரை நம்பிப் பாத்தியில் கிடத்திவைத்தால், குளோரைடு அயனிகள் அதன் மேற்பரப்பில் ஊசித்துளைகளை இட்டுவிடும். எனவேதான் பொருளைத் தொடாமலே வெப்பநிலை கூறும் அகச்சிவப்பு உணரியை நாடுகிறோம். எதை வாங்குவது என்னும் வினா அதன்பின் எழுகிறது.

விலைப்பட்டியலைக் கையில் எடுக்குமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். இவ்வுணரி வெப்பநிலையை அளப்பதில்லை. தன்மேல் வந்து விழும் கதிர்வீச்சை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணித்துச் சொல்கிறது. கணக்குக்கு அடிப்படை, ஸ்டெபான் 1879இல் சோதனை முடிவுகளிலிருந்து கண்டதும் போல்ட்ஸ்மன் 1884இல் கொள்கைவழி நிறுவியதுமான நான்காம் அடுக்கு விதி. அவ்விதியை நம் மாணவர் தேர்வுக்கு எழுதுகின்றனர். ஆனால் அது கருப்பொருளுக்கு உரிய விதி என்னும் நிபந்தனையைக் கருவியைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகின்றனர்.

கருவியிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்பது பரவலான மற்றொரு மயக்கம். 2020இல் பெருந்தொற்று பரவிய நாளில், நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானியிலிருந்து கதிர் பாய்ந்து மூளையைத் தாக்கும் என்று அஞ்சியோர் பலர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதையொத்த மயக்கம் ஒன்றைத் தீர்த்துவைத்தார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தீண்டுவதால் காட்சி பிறக்கிறது என்ற யூக்ளிட், டாலமி ஆகியோரின் கொள்கையை அவர் தம் 'கித்தாபுல் மனாழிர்' என்னும் நூலில் மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என நிறுவினார். அகச்சிவப்பு வெப்பமானியும் அத்தகைய கண்ணே. அது எதையும் அனுப்புவதில்லை, வருவதை ஏற்கிறது. கருவியினின்று சிவப்புப் புள்ளியாய் விழும் லேசர் ஒளி குறிபார்ப்பதற்கு மட்டுமே. அளவீட்டில் அதற்குப் பங்கில்லை.

நம் கருவியின் கண் எந்த அலைநீளத்தைக் காண வேண்டும்? வீன் விதிப்படி 2898ஐத் தனிவெப்பநிலையால் வகுத்தால், கதிர்வீச்சு உச்சம் பெறும் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். 300 கெல்வினில் இது 9.7 அளவில் அமைகிறது. நல்வாய்ப்பாக, 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள பகுதியில் காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் கதிரை அதிகம் விழுங்குவதில்லை. எனவே அறை வெப்பநிலையை ஒட்டிய பணிகளுக்கு இப்பகுதியில் இயங்கும் உணரியே ஏற்றது. இதே காரணத்தால் அவ்வுணரி காற்றின் வெப்பநிலையைக் கூறாது என்பதும் பெறப்படும். உப்பளக் காற்றை நோக்கிக் கருவியை நீட்டினால், அது காற்றை ஊடுருவி அப்பாலுள்ளதைக் காணும்.

உயர்வெப்பப் பணி வேறு. மின்விளக்கின் டங்ஸ்டன் இழை 2500 கெல்வினில் ஒளிரும்போது உச்ச அலைநீளம் 1.2 மைக்ரோமீட்டரை ஒட்டி நிற்கும். விளக்கின் கண்ணாடியோ நீண்ட அலை அகச்சிவப்புக் கதிரை விடுவதில்லை. 8–14 உணரியை விளக்கை நோக்கி நீட்டும் மாணவர் அளப்பது இழையை அன்று, கண்ணாடிக் குமிழை. அதற்கு இழைமறை வெப்பமானியோ சிலிக்கன் ஒளியுணரியோ வேண்டும். ஒரே கருவி இரு பணிக்கும் உதவும் என்று விற்போர் கூறினால் நம்ப வேண்டா.

பார்வைக் கூம்பு

விலைப்பட்டியலில் பலரும் முதலில் பார்ப்பது, கருவி எத்தனை பாகை வரை அளக்கும் என்பதை. முதலில் பார்க்க வேண்டியதோ அதன் பார்வைக் கோணம். இன்று கல்லூரி ஆய்வகங்களில் பெரிதும் வழங்கும் மெலெக்சிஸ் நிறுவனத்தின் எம்.எல்.எக்ஸ். 90614 என்னும் உணரியை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு உலோகக் குப்பிக்குள் வெப்பமின் இரட்டைகளின் அடுக்கும் கணக்கிடும் சில்லும் அடங்கியது அது. பொருளின் வெப்பநிலையை −70 முதல் 380 பாகை செல்சியசு வரை கூறும். பொருளும் சுற்றுப்புறமும் 0 முதல் 50 பாகைக்குள் இருந்தால் பிழை அரைப் பாகைக்குள் அடங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. இவையெல்லாம் நன்றே. ஆனால் இதே பெயரில் 90, 35, 10, 5 பாகைப் பார்வைக் கோணமுடைய வகைகள் உள்ளன என்பதையும், மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 90 பாகை வகையே என்பதையும் வாங்குவோர் கவனிப்பதில்லை.

90 பாகைக் கூம்புடைய உணரியைப் பொருளுக்கு 10 செ.மீ. தொலைவில் பிடித்தால், அது காணும் வட்டத்தின் விட்டம் 20 செ.மீ. அத்தொலைவில் நூறு மில்லி முகவையை அளக்க முயன்றால், முகவையைக் காட்டிலும் மேசையையே மிகுதியாக அளந்திருப்போம். 35 பாகை வகைக்கு வட்டம் 6.3 செ.மீ.; 10 பாகைக்கு 1.75, 5 பாகைக்கு ஒரு செ.மீ.க்கும் குறைவு. இவ்வட்டத்துக்கு வெளியிலிருந்தும் கதிர் ஓரளவு உள்ளே வரும். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் முடிவதன்று. ஆகவே அளக்கும் பொருள் கணக்கில் வரும் வட்டத்தைப் போல் இருமடங்கேனும் அகன்றிருத்தல் நலம். பொருள் சிறிது, இடமும் குறுகியது என்றால் 5 அல்லது 10 பாகை வகையை வாங்குக. பாத்தியின் பரப்பு போல விரிந்த பொருளாயின் 35 பாகையே போதும். பரந்த வட்டத்தின் சராசரி கிடைப்பது அங்கே நன்மையும் ஆகும். ஆயினும் பாத்தியைச் சாய்வாகப் பார்க்கலாகாது. சாய்வு மிக மிக நீர்ப்பரப்பு வானத்தைக் கண்ணாடிபோல் எதிரொளிக்கும்.

ஒரு சிறு குறிப்பு. 2020இல் வாங்கிய காய்ச்சல் கருவிகள் பல கல்லூரி அலுவலக அலமாரிகளில் இன்னும் உறங்குகின்றன. அவற்றை இயற்பியல் துறைக்கு மாற்றிச் செலவை மிச்சப்படுத்தலாமே என்னும் எண்ணம் நிருவாகத்தாருக்குத் தோன்றுவது இயல்பு. அவை மனித உடல் வெப்பத்தை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் மட்டுமே எண் காட்டும். அவ்வெண்ணும் நேரடி அளவீடன்று. நெற்றித்தோலின் வெப்பத்தைக் கொண்டு உடலின் உள்வெப்பம் இவ்வளவு இருக்கலாம் என மதிப்பிட்டுத் திருத்திய எண். சிலவற்றில் மேற்பரப்பு முறை என ஒரு பொத்தான் உண்டு. அதுவும் ஆய்வகத் துல்லியத்துக்குப் போதாது. வெயிலில் நின்று உப்பு வாரிய தொழிலாளியின் நெற்றியில் இக்கருவியை வைத்து அவர் உடல்நிலையை முடிவுசெய்வதோ தீங்கிலும் தீங்கு. வியர்வை ஆவியாகும் தோல் குளிர்ந்து காட்டும், உள்வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்.

உப்பு என்னும் கண்ணாடி

இனி, நம் கடற்கரைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஒரு மேற்பரப்பு வீசும் கதிர், அதே வெப்பநிலையிலுள்ள கருப்பொருள் வீசுவதில் எத்தனை பங்கு என்பதே உமிழ்திறன். 8–14 பகுதியில் நீருக்கு இது 0.96 அளவு, மனிதத் தோலுக்கு 0.98, கரும்பூச்சுக்கு 0.95. மெருகிட்ட அலுமினியத்துக்கு 0.1க்கும் கீழ். எஞ்சிய பங்கைச் சுற்றுப்புறத்தின் எதிரொளிப்பு நிரப்புகிறது. 30 பாகை அறையில் 60 பாகை வெப்பமுள்ள மெருகிட்ட அலுமினியப் பாத்திரத்தின் உமிழ்திறன் 0.1 எனக் கொண்டு நான்காம் அடுக்கு விதிப்படி கணக்கிட்டால், திருத்தமின்றி உணரி காட்டும் எண் ஏறத்தாழ 33. கை பட்டால் சுடும் பாத்திரத்தைக் குளிர்ந்தது எனக் கூறும் கருவி அது. பாத்திரத்தின்மேல் கறுப்பு மின்காப்பு நாடா ஒரு துண்டு ஒட்டி, அதை நோக்கி அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

உப்புக்கு உமிழ்திறன் என்ன? அட்டவணையில் தேடுமுன் ஒரு வரலாறு அறியத்தக்கது. 1800இல் ஹெர்ஷல் அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்தபின், அதனை ஆராய்வோருக்குக் கண்ணாடி பெருந்தடையாய் நின்றது. 1830களில் இத்தாலியரான மெல்லோனி, வெப்பக்கதிரைத் தடையின்றி விடும் பொருள் ஒன்றைக் கண்டு அதனால் முப்பட்டகமும் வில்லையும் செய்துகொண்டார். அப்பொருள் பாறையுப்பு, வேதியியலார் சோடியம் குளோரைடு என்பதுவே. ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் வரை அது கதிரை ஊடுருவ விடுகிறது. நம் வேதியியல் துறையார் அகச்சிவப்பு நிறமாலைமானியில் பயன்படுத்தும் உப்புத் தகடுகள் இதே பண்பால் ஆனவை. ஈரம் பட்டால் மங்கும் என்று அவற்றை உலர்கலத்தில் பூட்டிவைக்கின்றனர்.

அப்படியாயின் மரக்காணத்துப் பாத்தியில் விளையும் படிகம், நாம் வாங்கும் உணரியின் கண்ணுக்கு ஏறக்குறைய கண்ணாடிபோன்ற பொருள். நன்கு ஊடுருவ விடும் பொருள் நன்கு உமிழாது என்பது கிர்க்காப் விதியின் பயன். தூய உலர்ந்த படிகத்தை நோக்கிக் கருவியை நீட்டினால், அதன் அடியிலுள்ள சேற்றையும் அதன் முகத்தில் எதிரொளிக்கும் வானத்தையும் சேர்த்தே காண்போம். பாத்தியிலுள்ள உப்போ தூய படிகமும் அன்று. அதன்மேல் உப்புநீர்ப் படலம் உண்டு; ஜிப்சமும் களிமண்ணும் கலந்திருக்கும். விடியலில் ஈரமாய் இருக்கும் அம்பாரம் நீரைப்போல் நன்கு உமிழும். நண்பகலில் உலர்ந்தபின் அதே அம்பாரத்தின் உமிழ்திறன் இறங்கும். ஆகவே உப்புக்கு ஒரே எண் தரும் அட்டவணையை நம்பிக் கருவியில் பதித்துவிட்டு நாள் முழுவதும் அளப்பது பயனற்றது.

பிழை எவ்வளவு ஆகும்? உலர்ந்த உப்பின் வெப்பநிலை 45 பாகை, உமிழ்திறன் 0.85, எதிரொளிக்கும் தெளிந்த வானத்தின் கதிர்வெப்பநிலை 5 பாகை எனக் கொள்வோம். திருத்தமின்றிக் கருவி காட்டுவது 40 அளவில் நிற்கும். உமிழ்திறன் 0.85 எனக் கருவியில் பதித்தாலும் முழுத் திருத்தம் கிட்டாது. சுற்றுப்புறம் தன் வெப்பநிலையிலேயே உள்ளது எனக் கருவி கருதிக்கொள்கிறது. வானம் எவ்வளவு குளிர்ந்தது என்பதை அது அறியாது. கருவியின் வெப்பநிலை 30 பாகை எனில் 41.6 வரையே அது ஏறும். ஒரு குடையை அளக்குமிடத்துக்கு மேலே விரித்தால் வானத்தின் இடத்தைக் குடை பிடித்துக்கொள்ளும். அதன் வெப்பநிலை நமக்குத் தெரியும் அளவில் இருக்கும். நெடுநேரம் பிடித்தால் உப்பே நிழலில் குளிரத் தொடங்கும் என்பதால், விரித்த சில நொடிகளுக்குள் அளவீட்டை முடித்துவிட வேண்டும். பல்லாயிரம் ரூபாய்க் கருவியின் குறையை ஒரு குடை தீர்ப்பது காணத்தக்க காட்சியே.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என வினவலாம். உப்பளத்தில் அளக்கப்படும் எண் மாணவரின் குறிப்பேட்டோடு நின்றுவிடுவதன்று. அந்த உப்பின்மேல் மனிதர் நிற்கின்றனர். பலர் வெறுங்காலுடன், காலை முதல். அவர்களுள் பெண்களும் உளர். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரை வெப்பம் எவ்வாறு தாக்குகிறது என்பதைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் சிறுநீரக நலத்தோடு இணைத்து ஆய்ந்துள்ளனர். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்நிலையில் ஒரு கல்லூரி மாணவர் குழு, கால்படும் தரையின் வெப்பம் 40 பாகையே என்று எழுதி அறிக்கை தந்தால், அவ்வெண்ணை எடுத்துக்காட்டி வேலைநேரத்தை நீட்டவும் ஒருவர் முன்வரக்கூடும். நாம் கண்ட பிழைகளிற் பெரும்பாலானவை குறைத்துக் காட்டும் பக்கமே சாய்கின்றன என்பதை மறத்தலாகாது. தொழிலாளர் தாங்கும் வெப்பத்தை முழுமையாக மதிப்பிட ஈரக்குமிழ், கருங்கோளம், காற்று ஆகியவற்றின் வெப்பநிலைகள் தேவை. தொடாக் கருவி அவற்றுக்கு ஈடாகாது. தரையின் வெப்பத்தை மட்டும், அதுவும் சரியாகப் பயன்படுத்தினால், கூறும்.

தொடாக் கருவி அறவே உதவாத பணி ஒன்றும் உண்டு: பாத்திநீரின் ஆழ வெப்பநிலை. இவ்வலைநீளங்களில் நீரின் மேலுள்ள சில பத்து மைக்ரோமீட்டர் படலமே கதிர் வீசுகிறது. ஆவியாகிக்கொண்டிருக்கும் அப்படலம் அடியிலுள்ள நீரினும் சற்றுக் குளிர்ந்தது. செறிந்த நீர் அடியிலும் நன்னீர் மேலுமாக அடுக்கமைந்தால் வேறுபாடு மிகப் பெரிதாகும். குசராத்தின் பூஜ் நகரில் 6000 சதுர மீட்டர் பரப்பில் அமைத்த சூரியக் குளம் இவ்வுண்மையைப் பயன்படுத்தியே 1990களில் ஒரு பால்பண்ணைக்குச் சுடுநீர் வழங்கியது. அத்தகைய குளத்தின் கரையில் நின்று அகச்சிவப்புக் கருவியை நீட்டுபவர், அடியில் தேங்கிய வெப்பத்தைச் சிறிதும் அறியார். மழைநீர் மேலே தேங்கிய உப்புப் பாத்தியிலும் சிறிய அளவில் இதுவே நிகழக்கூடும். அங்கே கண்ணாடியிலோ நெகிழியிலோ முற்றும் அடைத்த தொடு உணரியைத்தான் நீரில் இறக்க வேண்டும். ஆகவே வாங்கும் பட்டியலில் தொடாக் கருவியோடு இதனையும் ஒன்று சேர்த்தெழுதுக.

வாங்கியபின் செய்ய வேண்டியவை சில. குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்குக் கொண்டுசென்ற கருவியை உடனே நம்பலாகாது. அதன் உலோகக் குப்பி முழுதும் ஒரே வெப்பநிலைக்கு வர அரைமணி வரை ஆகலாம். உணரியின் வாயிலில் படியும் உப்புத்துகளை ஒவ்வொரு நாளும் வடிநீர் தொட்ட மென்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துகள் கதிரைச் சிதறச் செய்யும். கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்த துகள் கதிரை விழுங்கும். கண்ணாடித் தகட்டால் மூடிப் பாதுகாக்கலாம் என எண்ணுவோர் கருவியைக் குருடாக்குவர். மெல்லிய பாலித்தீன் தாள் தகும். ஆயினும் அதுவும் சிறிது கதிரை உண்ணும் என்பதால் தாளோடு சேர்த்தே அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

அளவுதிருத்தத்துக்கு விலையுயர்ந்த கருப்பொருள் உலை வேண்டுவதில்லை. நீண்டு குறுகிய ஒரு தகரக் குவளையின் உட்புறம் விளக்குக்கரி பூசி, வாய் மட்டும் வெளியே தெரிய நீர்த்தொட்டியில் சாய்த்து அமிழ்த்தினால், அதன் உட்குழி கருப்பொருளை நெருங்கிய ஒன்றாகும். உருகும் பனிக்கட்டி நீரில் தொடங்கி, 10 பாகைக்கு ஒருமுறை 70 வரை சூடேற்றி, சான்றுபெற்ற வெப்பமானி ஒன்றோடு ஒப்பிட்டு வரைபடம் வரையலாம். பனிநீர்க் குவளையுள் பனித்துளி படியாமலும், மேல்வெப்பத்தில் நீராவி உணரியின் முகத்தில் படியாமலும் காக்க வேண்டும். குவளையின் வாய் உணரியின் கூம்பினும் அகன்றிருக்கிறதா என்பதை முன்னமே சரிபார்க்க. 90 பாகை வகையை வாங்கியவர் இங்கேதான் முதன்முறையாகத் தம் தேர்வை எண்ணி வருந்துவர்.

வரைபடம் கைக்கு வந்தபின் உப்பளத்துக்குச் செல்லலாம். வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூடுமுன், கோடையில் ஒரு நாளைத் தேர்ந்து, உப்புக் குவியலின் மேற்பரப்பில் மெல்லிய வெப்பமின் இரட்டை ஒன்றைப் புதைத்துவிட்டு, அதே இடத்தைக் குடைநிழலில் உணரியால் மணிக்கு ஒருமுறை அளக்க. இரண்டு எண்களும் ஒத்துவரும் வகையில் உமிழ்திறனைக் கணக்கிட்டு, நேரம், உப்பின் ஈரநிலை, வானின் நிலை ஆகியவற்றோடு எழுதி வருக. காலை 6 மணி வரிசைக்கும் பிற்பகல் 2 மணி வரிசைக்கும் இடையே அவ்வெண் எவ்வளவு இறங்குகிறது என்பதை எந்த நூலின் அட்டவணையும் மரக்காணத்துக்கென்று எழுதித் தராது; அதனை நம் மாணவர்தாம் நிரப்ப வேண்டும்.